மின்னலை அடைத்த பெட்டி

எழுபதுகளின் திரை – பகுதி 9

1973-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலேயே சில வாரங்களாக நின்றுகொண்டிருக்கிறோம். பிப்ரவரியில் கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' வந்தது. குடும்பத்தைக் கரையேற்றத் தன் உடலையே விலையாகக் கொடுத்த ஒரு வைதீக வீட்டுப் பெண்ணின் கதை. மார்ச் 31-ல் 'ராஜராஜ சோழன்' வந்தது. ஆனந்த் தியேட்டர் ஜி. உமாபதி பணம் போட, ஏ.பி. நாகராஜன் இயக்க, சிவாஜி மன்னராக நடந்துவந்த தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம்.

ஒன்று சமூகப் படம். மற்றது சரித்திரப் படம். அடுத்து வந்தது இரண்டிலும் சேராதது. விஞ்ஞானம், உளவு, ஊர்சுற்றல், காதல், சண்டை எல்லாம் கலந்த சாகசப் படம். வெளியான நாள் மே 11, வெள்ளிக்கிழமை. பெயர் 'உலகம் சுற்றும் வாலிபன்'.

அதற்காக முதன்முதலில் கேமரா ஓடியபோது நாயகன் எம்.ஜி.ஆர். ஆளுங்கட்சியான தி.மு.க.வின் பொருளாளர். படம் திரைக்கு வந்தபோது அவர் ஏழு மாதம்கூட நிறையாத ஒரு புதிய கட்சியின் பொதுச்செயலாளர்.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது?

* * *

சுவரில் ஒன்றுமில்லை

சென்னை மவுண்ட் ரோடு. 1973 மே மாதத்து வெயில்.

எம்.ஜி.ஆர். படம் வருகிறது என்றால் அந்தச் சாலையின் சுவர்கள் பத்து நாள் முன்பே சொல்லிவிடும். பசை வாளியும் ஏணியுமாக இரவில் ஆட்கள் கிளம்புவார்கள். விடிந்து பார்த்தால் டீக்கடைப் பக்கச் சுவரிலிருந்து ரயில்வே பாலம் வரை வாத்தியார் சிரித்துக்கொண்டிருப்பார்.

இந்த முறை சுவர்கள் மொட்டையாக இருந்தன. மாநகராட்சி சுவரொட்டிகளுக்கான வரியை உயர்த்தியிருந்தது. அதைக் கட்டிப் போஸ்டர் ஒட்டுவதில்லை என்று படத்தின் தரப்பு முடிவெடுத்தது. ஒரு நட்சத்திரத்தின் மிகப் பெரிய படம், தலைநகரில் போஸ்டரே இல்லாமல் வருவது அதற்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

போஸ்டருக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு ஸ்டிக்கர்கள் வந்தன. ஒட்டுகிற தாள் அன்றைக்குத் தமிழ்நாட்டில் புதுசு. சைக்கிளிலும் ஆட்டோவிலும் கடைக் கண்ணாடியிலும் அவை ஏறிக்கொண்டன. சுவருக்கு வரி போடலாம், ஓடுகிற சைக்கிளுக்கு எப்படிப் போடுவது?

தேவி பாரடைஸ் தியேட்டரில் முன்பதிவு தொடங்கியதும் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. சுவர் பேசாததை ஊரே பேசியது. விளம்பரம் இல்லாததே அந்தப் படத்துக்குப் பெரிய விளம்பரமாகிப்போனது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் வரிசையில் நின்றவர்கள் மனதில் ஒரு பயமும் இருந்தது. படப் பெட்டி வந்து சேருமா?

அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். அதுவும் சென்னைக்கு அல்ல, ஜப்பானுக்கு.

* * *

ஒசாகாவில் நின்ற செட்

1970 மார்ச் 15 அன்று ஒசாகாவுக்கு வெளியே உலகக் கண்காட்சி தொடங்கியது. எக்ஸ்போ 70. ஆசியக் கண்டத்தில் நடந்த முதல் உலகக் கண்காட்சி அது. 77 நாடுகள் பங்கெடுத்தன. ஆறு மாதத்தில் 6 கோடிக்கும் அதிகமானவர்கள் வந்துபோனார்கள்.

நடுவில் ஜப்பானியக் கலைஞர் டாரோ ஒகமோட்டோ எழுப்பிய சூரிய கோபுரம். 70 மீட்டர் உயரம், கைவிரித்து நிற்கும் ஒரு பூதம். அமெரிக்க அரங்கில் நிலவிலிருந்து கொண்டுவந்த கல். மனிதன் நிலவில் கால் வைத்து ஓராண்டுகூட ஆகாத நேரம். நகரும் நடைபாதைகள், காற்றடைத்த கூரைகள், கண்ணாடியும் எஃகுமாக விநோத வடிவங்களில் கட்டடங்கள்.

சினிமாக்காரர் கண்ணுக்கு இதெல்லாம் என்னவாகத் தெரிந்திருக்கும்? கோடிகளைக் கொட்டினாலும் கோடம்பாக்கத்தில் எழுப்ப முடியாத ஒரு பிரம்மாண்ட செட், வெயிலில் தயாராக நிற்கிறது. ஆனால் செப்டம்பர் 13-க்குப் பிறகு அதைக் கலைத்துவிடுவார்கள்.

கதையைச் செதுக்கிக்கொண்டு உட்கார நேரமில்லை. இப்போதே போக வேண்டும், இல்லாவிட்டால் எப்போதுமே இல்லை. இந்தப் படத்தின் முதல் திருப்புமுனை அந்தக் கெடு தேதிதான். எம்.ஜி.ஆர். கிளம்பினார்.

வெளிநாட்டுப் படப்பிடிப்பு அதற்குள் இந்தியாவுக்குப் பழகியிருந்தது. இந்தியில் 'சங்கம்', 'லவ் இன் டோக்கியோ', 'ஆன் ஈவினிங் இன் பாரிஸ்' எல்லாம் வந்துவிட்டன. தமிழில் 1969 தீபாவளிக்கு ஸ்ரீதரின் 'சிவந்த மண்' ஐரோப்பாவைக் காட்டியிருந்தது. ஆனால் கிழக்கே யாரும் இவ்வளவு பெரிதாகக் கேமராவைத் திருப்பியதில்லை. ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா. இது ஒரு பாட்டுக்காக விமானம் ஏறி இறங்கிய பயணம் அன்று. கதையே பயணத்தில் நடக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைய தமிழ் வாசகருக்கு உலகம் எழுத்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஏ.கே. செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகப் போய் எழுதினார். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடர்களை வீடு வீடாகக் காத்திருந்து படித்தார்கள். பாஸ்போர்ட் என்பது பணக்காரர் அலமாரியில் இருக்கும் பொருள். வெளியே போகிறவர் எடுத்துச் செல்லும் அந்நியச் செலாவணிக்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். ஒன்றே முக்கால் ரூபாய் டிக்கெட்டையும் யோசித்து வாங்கும் ஒருவருக்கு, ஹாங்காங் துறைமுகத்தையும் தாய்லாந்துப் புத்தர் கோயிலையும் வண்ணத்தில் காட்டுவது சின்ன விஷயமில்லை. இந்தப் படத்தின் மேல் எனக்கிருக்கும் மரியாதை முதலில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

போன குழு சிறியது. தயாரிப்பாளர், இயக்குநர், இரட்டை வேட நாயகன் மூவரும் ஒரே ஆள். மஞ்சுளா, சந்திரகலா, புதுமுகம் லதா ஆகியோர் நாயகிகள். தாய்லாந்துக் காட்சிகளுக்கு அந்நாட்டு நடிகை மேத்தா ரூங்ராத். வில்லன் பைரவனாக எஸ்.ஏ. அசோகன். சிரிக்கவைக்க நாகேஷ். ஒளிப்பதிவு வி. ராமமூர்த்தி. 1965 முதல் எம்.ஜி.ஆரோடு படத்துக்குப் படம் ஜோடி சேர்ந்துவந்த ஜெயலலிதா இதில் இல்லை.

கண்காட்சிக் காட்சிகளைக் கூர்ந்து பாருங்கள். பின்னால் நடப்பவர்கள் துணை நடிகர்கள் அல்லர். வேடிக்கை பார்க்க வந்த ஜப்பானியர்கள். அவர்களை நிறுத்தவும் முடியாது, மறுபடி நடக்கச் சொல்லவும் முடியாது. கூட்டம் விலகும் சில நொடிகளில் ஆடி, ஓடி, சிரித்து முடித்தாக வேண்டும். 53 வயதில், மூன்று வருடத்துக்கு முன் கழுத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஒருவர், அந்த இளமையைத் திரையில் நிறுத்தியிருக்கிறார். நடிப்பைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம். அந்த உடலுழைப்பைப் பற்றி வாதமே இல்லை.

குழு ஊர் திரும்பியது. படச்சுருள்கள் பத்திரமாக வந்தன.

படம் மட்டும் வரவில்லை.

* * *

மூன்று வருடம்

ஏன் வரவில்லை?

முதல் காரணம் சாதாரணமானது. வெளிநாட்டில் எடுத்தது பாதி. மீதியைச் சென்னை ஸ்டுடியோக்களில் எடுக்க வேண்டும். எம்.ஜி.ஆருக்கோ கையில் வரிசையாக வெளிப்படங்கள். 1971-ல் 'குமரிக்கோட்டம்', 'ரிக்‌ஷாக்காரன்', 'நீரும் நெருப்பும்'. 1972-ல் 'நல்ல நேரம்', 'ராமன் தேடிய சீதை', 'நான் ஏன் பிறந்தேன்'. அடுத்தவர் பணத்தில் எடுக்கும் படத்துக்குத் தேதி கொடுத்துவிட்டு, மிச்ச நாளில் சொந்தப் படம். சொந்தப் படம் எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

இரண்டாவது காரணம், நினைத்தபடி வராமல் விடமாட்டேன் என்ற அவருடைய பிடிவாதம். 1958-ல் 'நாடோடி மன்னன்' எடுத்தபோதும் இப்படித்தான். அது அவர் இயக்கிய முதல் படம். படம் வென்றால் நான் மன்னன், தோற்றால் நாடோடி என்று அப்போது அவர் சொன்னதாக இன்றுவரை சொல்வார்கள். அந்தப் படத்தைத் தயாரித்த எம்ஜியார் பிக்சர்ஸின் சின்னமே ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைத் தாங்கி நிற்பது. படமும் கட்சியும் ஒரே கம்பத்தில் பறந்த காலம்.

1970-ல்கூட அப்படித்தான். ஒசாகா போய்வந்த அதே ஆண்டில், முதலமைச்சர் கருணாநிதி குடும்பத்தின் மேகலா பிக்சர்ஸ் எடுத்த 'எங்கள் தங்கம்' வெளியானது. நாயகன் எம்.ஜி.ஆர். 'மந்திரி குமாரி' காலத்திலிருந்து, ஒருவர் எழுத மற்றவர் பேசி, தமிழ்நாட்டின் கவனத்தையே திருப்பிய இருவர் அவர்கள். 1971 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 234-ல் 184 இடங்களைப் பிடித்தது. எம்.ஜி.ஆர். கட்சியின் பொருளாளர், பரங்கிமலைச் சட்டமன்ற உறுப்பினர், 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக 'பாரத்' பட்டம் பெற்ற நடிகர். இதைவிட உயரம் எது?

மூன்றாவது காரணம், கட்சியில் வந்த பிளவு. அது எங்கே தொடங்கியது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. 1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்ந்தது, எம்.ஜி.ஆருக்கு அதில் உடன்பாடில்லை. 1972-ல் கருணாநிதியின் மகன் மு.க. முத்து 'பிள்ளையோ பிள்ளை' மூலம் நாயகனானார். ஊருக்கு ஊர் புதிய ரசிகர் மன்றங்கள் முளைத்தன. பழைய மன்றக்காரர்கள் முறைத்தார்கள். மன்றம் என்பது வெறும் கைதட்டும் கூட்டமன்று. தேர்தலில் கொடி கட்டுகிற, வாக்காளரைச் சாவடிக்கு அழைத்து வருகிற கைகள் அங்கேதான் இருந்தன. எந்த நட்சத்திரத்தின் பெயரில் மன்றம் என்ற சண்டை, கட்சி யாருடையது என்ற சண்டையாக மாற நேரம் பிடிக்கவில்லை.

அப்புறம் எல்லாம் பத்தே நாளில் நடந்தது.

1972 அக்டோபர் 8. திருக்கழுக்குன்றம் பொதுக்கூட்டம். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று பொருளாளரே மேடையில் கேட்டார்.

அக்டோபர் 10. கட்சியிலிருந்து தற்காலிக நீக்கம்.

அக்டோபர் 14. நிரந்தர நீக்கம்.

அக்டோபர் 17. அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 20-ல், மணியனின் கதையில் உருவான 'இதய வீணை' வெளியானது. அது அடுத்தவர் தயாரித்த படம். பிளவுக்கு முன்பே முடிந்து காத்திருந்த படம். ரசிகர்கள் திரண்டார்கள். ஆனால் எல்லோர் கண்ணும் வேறு பெட்டியின் மேல் இருந்தது. சொந்தப் பணம் முழுக்க அடைபட்டுக் கிடந்த பெட்டி.

* * *

சி ஃபார்ம்

ஒரு படத்தை மாநில அரசு நேரடியாகத் தடுத்துவிட முடியுமா? சட்டப்படி அது எளிதல்ல. தணிக்கைச் சான்றிதழ் மத்திய அரசின் வாரியம் தருவது.

ஆனால் படம் ஓடுவது சான்றிதழில் இல்லை, தியேட்டரில். தியேட்டரின் உயிரோ சி ஃபார்ம் என்று தொழிலில் சொல்லும் உரிமத்தில் இருக்கிறது. மாவட்டங்களில் அதைத் தருவதும் புதுப்பிப்பதும் கலெக்டர். அன்று கேளிக்கை வரியைக் கணக்குப் பார்த்தது மாநில அதிகாரி. மின்சாரம் மாநில வாரியத்துடையது. வாசலில் கூட்டம் மிஞ்சினால் வர வேண்டியது போலீஸ்.

இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தியேட்டர் முதலாளிக்குத் தானாகவே தெரியும். ஆளுங்கட்சியோடு மோதி நிற்பவரின் படத்தைப் போட்டால் நாளை என்ன ஆகுமோ என்ற யோசனை, யாரும் மிரட்டாமலே வரக்கூடியது.

அன்றைய வியாபார முறையையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாடு ஏரியா ஏரியாவாகப் பிரிந்திருக்கும்: செங்கல்பட்டு, ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், நெல்லை–குமரி. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர். எண்ணிக்கொடுத்த முன்பணத்துக்குப் பதிலாக அவர் கைக்கு வருவது சில பிரிண்டுகள், தகரப் பெட்டியில். ஒரு படத்தின் முழு மதிப்பும் அந்தப் பெட்டியில்தான். அது எரிந்தால், தொலைந்தால், ஒரு வாரம் தாமதித்தால் போயிற்று.

ஆகவே 1973-ன் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் வதந்தி. நெகடிவைக் கைப்பற்றிவிட்டார்கள். பெட்டியை வழிமறிப்பார்கள். முதல் காட்சியில் கரண்டை நிறுத்துவார்கள். ஒன்றை மறுத்து முடிப்பதற்குள் இன்னொன்று கிளம்பும். எது உண்மை, எது டீக்கடையில் பிறந்தது என்று இன்றைக்குப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் அந்த வதந்திகளின் விளைவு என்னவென்று பார்க்க முடிகிறது. ஒரு படத்தை அதன் நாயகனின் ரசிகர்கள் பாதுகாக்க வேண்டிய சொத்தாக நினைக்கத் தொடங்கினார்கள். டிக்கெட் வாங்குவது ஒரு பக்கம் நிற்பதற்குச் சமமாயிற்று.

இந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியது மதுரை.

* * *

மதுரையில் ஒரு சபதம்

மதுரை எம்.ஜி.ஆரின் ஊர். அங்கே பிறக்கவில்லை, அங்கே வளரவில்லை. ஆனால் வெற்றி விழா, மாநாடு, ஊர்வலம் என்று எதுவானாலும் மதுரையில்தான் தொடங்க வேண்டும். 'நாடோடி மன்னன்' வெற்றிக்குப் பெரும் விழா எடுத்த ஊர் அது.

அதே ஊரின் முதல் மேயர் மதுரை முத்து. தி.மு.க.வின் தூண்களில் ஒருவர். தெருவில் இறங்கிக் கட்சி வளர்த்தவர். எம்.ஜி.ஆர். மன்றங்களோடு நேருக்கு நேர் முட்டியவரும் அவரே. அவர் மேடையில் ஒரு சவால் விட்டார்: அந்தப் படம் வெளிவந்துவிட்டால் நான் சேலை கட்டிக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து மேடைப் பேச்சில் இந்த மாதிரிச் சவால் அதிசயமில்லை. பெண்ணின் உடையைத் தோல்வியின் அடையாளமாக்கிய அந்தப் பேச்சு இன்று காதில் உறுத்துகிறது. அன்று யாருக்கும் உறுத்தவில்லை என்பதும் வரலாறுதான். ஆனால் இதைச் சொன்ன கணத்தில் அவர் அறியாமலே ஒரு காரியம் செய்துவிட்டார். படம் நன்றாக இருக்குமா, ஓடுமா என்பதே அதுவரை கேள்வி. இனிமேல் கேள்வி, வெளிவருமா என்பது மட்டும். வந்துவிட்டாலே வெற்றி.

ஒரு விளம்பர நிறுவனம் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைத்திருக்காத வாசகம் எதிர்முகாமிலிருந்து இலவசமாகக் கிடைத்தது. சேலைகள் மதுரைக்குப் போக ஆரம்பித்தன என்பார்கள். பின்னாளில் அதே முத்து அ.தி.மு.க.வில் சேர்ந்தார். அரசியலின் அந்தத் திருப்பத்துக்கு இன்னும் சில வருடம் இருந்தது.

இப்போது மே 11.

* * *

விளக்கு அணைந்தது

திரையில் முதலில் வந்தது பாட்டு. சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலில், எழுத்துகள் ஓடும்போது ஒலித்த அந்தப் பாட்டின் பொருள் வெற்றியும், நாளை எழுதப்படப்போகும் சரித்திரமும். புலமைப்பித்தன் எழுதியது. 1970-ல் ஒசாகாவுக்குப் போனபோது இப்படியொரு பாட்டுக்குத் தேவையே இல்லை. கட்சி பிளந்தபின் முகப்பில் ஏறியது அது என்பதை, கொட்டகையில் இருந்த ஒவ்வொருவரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். முதல் வரியிலேயே எழுந்த ஆரவாரத்தில் மீதிப் பாட்டு காதில் விழவில்லை என்று அன்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பிறகு கதை. முருகன் என்ற விஞ்ஞானி மின்னலின் ஆற்றலைப் பிடித்து அடக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறான். அது ஆக்கத்துக்கும் உதவும், அழிவுக்கும் உதவும். தவறான கைக்குப் போகக்கூடாது என்று குறிப்புகளை மறைத்துவைக்கிறான். அதை எப்படியாவது அடையத் துடிக்கும் பைரவன் அவனை வீழ்த்துகிறான். அண்ணனைத் தேடி, குறிப்புகளைத் தேடி, நாடு நாடாகப் புறப்படுகிறான் தம்பி ராஜு, புலனாய்வு அதிகாரி.

இதில் தேர்தல் இல்லை. கட்சி இல்லை. ஊழல் அமைச்சர் இல்லை. 'ரிக்‌ஷாக்காரன்' அளவுக்கு ஏழைக்கான வசனம்கூட இல்லை. எம்.ஜி.ஆரின் பெரிய படங்களில் இந்த அளவுக்கு அரசியல் குறைந்த படம் அரிது.

ஆனாலும் 1973-ல் அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொரு காட்சியையும் அரசியலாகவே பார்த்தார்கள். ஆற்றல் தவறான கைக்குப் போகக்கூடாது என்று முருகன் சொன்னபோது அவர்கள் மின்னலை நினைக்கவில்லை. அண்ணன் வீழ்ந்து கிடக்க, தம்பி கிளம்பியபோது, கொட்டகையில் எல்லோர் நினைவுக்கும் வந்த அண்ணன் வேறு ஒருவர். 1969 பிப்ரவரியில் மறைந்தவர். புதிய கட்சியின் பெயரிலும் கொடியிலும் இருந்தவர்.

படத்துக்கு வசனம் எழுதிய சொர்ணம் இதை முன்கூட்டியே கணித்து எழுதினாரா? நான் நம்பவில்லை. 1970-ல் எடுத்த காட்சிகளுக்கு 1972-ன் அக்டோபர் புதிய அர்த்தம் கொடுத்தது. படம் சரியான நேரத்தில் வந்திருந்தால், அதாவது 1971-ல் வந்திருந்தால், அது ஜாலியான ஒரு வெற்றிப் படம். அவ்வளவே. தாமதம்தான் அதை வரலாற்றுக்குள் தள்ளியது.

படமாக அது எப்படி? மனம்விட்டுச் சொல்கிறேன்: கதையில் ஓட்டைகள் உண்டு. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ராஜு போக வேண்டிய காரணங்கள் சில இடத்தில் மெலிந்து போகின்றன. நாயகிகளுக்கு அழகாக நிற்பதைத் தவிர அதிக வேலை இல்லை. பிற்பாதியில் சண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டுகின்றன.

ஆனால் அந்தப் பாட்டுகள்! எம்.எஸ். விஸ்வநாதன் இந்தப் படத்தில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரே நாயகனுக்கு மூன்று குரல். 'பச்சைக்கிளி முத்துச்சரம்' டி.எம். சௌந்தரராஜன், 'அவள் ஒரு நவரச நாடகம்' எஸ்.பி. பாலசுப்ரமணியம், 'தங்கத்தோணியிலே' யேசுதாஸ், கூடவே பி. சுசீலா. இருபது வருடமாக எம்.ஜி.ஆர். என்றால் டி.எம்.எஸ். என்று பழகிய காதுக்கு, வாயசைவில் இளங்குரல்கள் வந்து உட்கார்ந்தபோது நாயகனுக்கே வயது குறைந்தது. அது தற்செயல் அன்று. திரையில் தன் வயதை எப்படி மறைப்பது என்பதில் எம்.ஜி.ஆரைப் போல் யோசித்த நடிகர் இன்னொருவர் இல்லை.

இன்னொன்று, உச்சக்காட்சி. பைரவனும் ராஜுவும் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி அடித்துக்கொள்ளும் சண்டை. கத்திச் சண்டையில் பெயர் வாங்கிய ஒருவர், நிற்கவே முடியாத தரையில் சண்டையை அமைத்திருக்கிறார். அன்றைய ரசிகன் அதுவரை பார்த்திராத ஒன்று.

படம் தேவி பாரடைஸில் வெள்ளிவிழாவைத் தாண்டியது. மதுரை மீனாட்சியில் 200 நாளைக் கடந்தது.

இடையில் ஒரு செய்தி: அதே மே 11 அன்று பம்பாயில் இன்னொரு படம் வெளியானது. 'ஜஞ்ஜீர்'. தொடர் தோல்வியில் இருந்த ஓர் உயரமான நடிகரைக் கோபக்கார இளைஞனாக்கிய படம். அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

* * *

ஒன்பது நாள்

நாட்காட்டியைத் திருப்புங்கள். படம் வந்தது மே 11. திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் மே 20. நடுவில் ஒன்பதே நாள்.

தி.மு.க. உறுப்பினர் மறைந்ததால் காலியான இடம் அது. புதிய கட்சி முதன்முதலாகக் களத்தில் இறங்குகிறது. வேட்பாளர் மாயத்தேவர். அவருக்குக் கிடைத்த சின்னம் இரட்டை இலை. அந்தச் சின்னத்துக்கு விழப்போகும் முதல் ஓட்டுகள் அங்கேதான் விழ வேண்டும்.

எதிரே ஆளுங்கட்சியின் முழு பலம். இன்னொரு பக்கம் காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ். அந்த அணியில் நின்றவர் சிவாஜி கணேசன். 'ராஜராஜ சோழன்' வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தமிழ்த் திரையின் இரண்டு பெரிய முகங்களும் ஒரே தொகுதியின் தெருக்களில், வெவ்வேறு அணிகளில்.

கொட்டகையில் விசிலடித்தவன் சாவடிக்கும் வருவானா என்பது அன்று யாருக்கும் தெரியாது. சினிமாக் கூட்டம் ஓட்டாகாது என்று அடித்துச் சொன்ன அனுபவசாலிகள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அவர்களுக்கும் ஆதாரம் இருந்தது. அதுவரை தனக்கென ஒரு கட்சி தொடங்கி மாநிலத்தை வென்ற நடிகர் இந்தியாவில் ஒருவருமில்லை.

மே 20-ல் பெட்டிகள் சீலிடப்பட்டன. எண்ணியபோது மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றிருந்தார். இரண்டாவது இடம் ஸ்தாபன காங்கிரஸ். தி.மு.க. மூன்றாவது.

படம் தேர்தலை வென்றதா, தேர்தல் காய்ச்சல் படத்தை ஓட்டியதா என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. இரண்டும் ஒரே கூட்டத்தின் ஒரே வாரத்து வேலை. பிரித்துக் கணக்குப் போட யாராலும் முடியவில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அது படத்தின் கடைசிச் சட்டகத்தில் இருக்கிறது.

பைரவன் வீழ்ந்து, குடும்பம் சேர்ந்து, 'வணக்கம்' வர வேண்டிய இடத்தில், அடுத்த தயாரிப்பு பற்றிய அறிவிப்பு ஒன்று வருகிறது: 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு'. ஆசியாவைச் சுற்றிய தம்பி அடுத்து ஆப்பிரிக்காவுக்குப் போகப்போகிறான். தமிழில் ஒரு நாயகனை அடுத்தடுத்த படங்களில் நாடு நாடாக அனுப்பும் தொடர்ச் சாகசப் படங்களுக்கு அது ஒரு விதை. ஜேம்ஸ் பாண்டைப் போல் நமக்கும் ஒரு ராஜு.

அந்த அறிவிப்பைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வெளியே வந்தவர்கள்தான் ஒன்பதாம் நாள் இரட்டை இலையில் முத்திரை குத்தினார்கள். இரண்டையும் அவர்களே கேட்டார்கள். நீ அடுத்த ஊருக்கும் போய்ப் படம் எடு என்றார்கள். நீ எங்களை ஆள வா என்றும் சொன்னார்கள்.

56 வயது. கையில் பாதி முடிந்த படங்கள். வாசலில் ஒரு மாநிலத்துக் கட்சி. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நைரோபிக்கு விமானம் ஏறுவதா, கோட்டைக்குப் போகும் சாலையில் வேனில் ஏறுவதா?

எதை விட்டுக்கொடுத்தார் எம்.ஜி.ஆர்.? அதை எப்போது முடிவுசெய்தார்?

(அடுத்த வாரம் தொடரும்)